சிற்றளவு நீராவித் தொடர்வண்டிப் பொறி

சிற்றளவு நீராவித் தொடர்வண்டிப் பொறி என்பது, பெரிய நீராவித் தொடர்வண்டிப் பொறி ஒன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, உண்மையான நெருப்பு, நீர், நீராவி ஆகியவற்றைக் கொண்டே இயங்குமாறு கட்டப்படும் எந்திரம் ஆகும். ஆங்கிலத்தில் இத்துறை லைவ் ஸ்டீம் என்று அழைக்கப்படுகிறது. மின்சாரத்தால் ஓடும் மாதிரித் தொடர்வண்டிகளில் புகைபோக்கியும் கொதிகலனும் தோற்றத்திற்காக மட்டுமே அமைகின்றன. சிற்றளவு நீராவிப் பொறியிலோ, எரியறையில் நிலக்கரி எரிந்து, கொதிகலனில் நீர் கொதித்து, அதனால் உண்டாகும் நீராவி உருளைகளில் உள்ள பிஸ்டன்களைத் தள்ளிச் சக்கரங்களைச் சுழற்றுகிறது.

இவ்வகைப் பொறிகளில் பெரும்பாலானவை தனி ஆர்வலர்களால், வீட்டுக் கொட்டகையிலோ வண்டிக் கொட்டிலிலோ அமைந்த சிறு பட்டறைகளில் கட்டப்படுகின்றன. ஒரு பொறியைக் கட்டி முடிக்க ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகள் ஆவது இயல்பு. பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் இப்பொழுதுபோக்கு வேரூன்றியுள்ளது.

வரலாறு

நீராவித் தொடர்வண்டியின் வரலாறே சிற்றளவு மாதிரிகளில் இருந்து தொடங்குகிறது எனலாம். இசுக்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் முர்டாக், கார்ன்வால் பகுதியில் உள்ள இரெட்ரூத் நகரில் 1784 ஆம் ஆண்டளவில் மூன்று சக்கர நீராவி வண்டி ஒன்றின் மாதிரியைச் செய்து ஓட்டினார். அதே பகுதியைச் சேர்ந்த இரிச்சர்டு டிரெவிதிக், 1804 இல் தண்டவாளத்தில் ஓடும் முழு அளவு நீராவிப் பொறியை இயக்கிக் காட்டும் முன்னர், சிறு மாதிரிகளைச் செய்து பார்த்தார்.

19 ஆம் நூற்றாண்டில் பித்தளையால் ஆன எளிய நீராவிப் பொறிகள் பொம்மைகளாக விற்கப்பட்டன. சாராய விளக்கால் சூடாக்கப்பட்ட இவை, தரையில் நீரை ஒழுகவிட்டுக்கொண்டே ஓடியதால் நீர் சொட்டுபவை என்னும் பொருளில் டிரிப்ளர் என்று பட்டப்பெயர் பெற்றன. 1898 இல் பெர்சிவல் மார்சல் என்பவர் இலண்டனில் மாடல் எஞ்சினியர் என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் மாதிரிப் பொறியாளர்களுக்கான சங்கமும் அங்கு நிறுவப்பட்டது. பொறியின் வரைபடங்களையும் செய்முறையையும் தொடராக வெளியிட்டு, வாசகர் அவற்றைப் பார்த்துத் தாமே கட்டிக்கொள்ளும் மரபு இவ்விதழின் வழியே வளர்ந்தது.

கொதிகலன்களின் போர்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறு பொறிகளுக்குப் பெரிய பொறியைப் போன்ற நிலக்கரிக் கொதிகலன் பொருந்தாது என்ற கருத்து நிலவியது. என்றி கிரீன்லி போன்ற அக்கால வடிவமைப்பாளர்கள், சாராயத்தால் எரியும் நீர்க்குழாய்க் கொதிகலனைப் பரிந்துரைத்தனர். இதனை மறுத்தவர் கர்லி லாரன்சு (1883–1967). இவர் இளமையில் இலண்டன், பிரைட்டன் அன்ட் சவுத் கோசுட்டு தொடர்வண்டி நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளையே எல்.பி.எசு.சி எனத் தம் புனைபெயராகக் கொண்டார்.

பெரிய பொறியில் உள்ளது போன்ற எரியறையும் தீக்குழாய்களும் கொண்ட கொதிகலனில் நிலக்கரியை எரித்து, உருளையிலிருந்து வெளியேறும் நீராவியாலேயே காற்றை இழுக்கச் செய்தால், சிறு பொறியும் மனிதரை இழுக்கும் என்பது அவரது வாதம். 1920களின் முதற்பாதியில் இக்கருத்து மோதல் மாடல் எஞ்சினியர் வாசகர்களிடையே கொதிகலன்களின் போர் என்று பெயர் பெற்றது. 2½ அங்குலப் பாதைக்கென லாரன்சு கட்டிய ஆயிசா என்னும் பொறி, மனிதரை ஏற்றிய வண்டியை இழுத்துக் காட்டி அவரது கருத்தை நிலைநாட்டியது.

1924 முதல் பல பத்தாண்டுகள் லாரன்சு அவ்விதழில் எழுதிய தொடர்கள், முறையான பொறியியல் கல்வி இல்லாதவரும் பின்பற்றக்கூடிய எளிய நடையில் அமைந்தவை. தொடக்கநிலையினருக்காக 3½ அங்குலப் பாதைக்கு அவர் வடிவமைத்த, நான்கு சக்கரங்கள் கொண்ட டிச் என்னும் சிறு பொறி இவற்றுள் புகழ்பெற்றது. பின்னர் அதே இதழின் ஆசிரியராக இருந்த மார்ட்டின் எவான்சு, 3½ அங்குலப் பாதைக்கான ராப் ராய், 5 அங்குலப் பாதைக்கான சிம்ப்ளெக்சு முதலிய வடிவமைப்புகளை வழங்கினார்.

அமெரிக்காவில் அசைபடத் தயாரிப்பாளர் வால்ட் டிசினி, 1950 இல் இலாசு ஏஞ்சலசு நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலப் பாதை ஒன்றை அமைத்தார். அதில் ஓடிய 1:8 அளவுப் பொறிக்குத் தம் மனைவியின் பெயரையொட்டி இலில்லி பெல் எனப் பெயரிட்டார். 1953 இல் நேர்ந்த ஒரு விபத்தில் சிறுமி ஒருத்தி நீராவியால் சுடப்பட்டதை அடுத்து அப்பாதை மூடப்பட்டது.

பாதை அகலமும் அளவு விகிதமும்

இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு பாதை அகலம் எனப்படும். 4 அடி 8½ அங்குல (1435 மி.மீ) பொதுப் பாதையை அடிப்படையாகக் கொண்டு வழக்கில் உள்ள சில அளவுகள் பின்வருமாறு:

- 1¾ அங்குலம் (45 மி.மீ): விகிதம் ஏறத்தாழ 1:32. மனிதரை இழுப்பதற்கு அன்றித் தோட்டப் பாதைகளில் ஓட்டுவதற்கு உரியது.
- 2½ அங்குலம் (64 மி.மீ): லாரன்சின் தொடக்ககாலப் பொறிகள் இவ்வளவில் அமைந்தன.
- 3½ அங்குலம் (89 மி.மீ): விகிதம் 1:16. வீட்டுப் பட்டறையின் சிறு கருவிகளுக்கு ஏற்றது.
- 5 அங்குலம் (127 மி.மீ): விகிதம் ஏறத்தாழ 1:11. பிரித்தானியாவில் பரவலாக உள்ளது.
- 7¼ அங்குலம் (184 மி.மீ): விகிதம் 1:8. வட அமெரிக்காவின் பல பகுதிகளில் இதற்கு மாற்றாக 7½ அங்குலம் வழக்கில் உள்ளது.

சிறிய பாதைகளில் தண்டவாளம் தரையில் இருந்து உயர்த்திக் கட்டப்படுவதுண்டு. ஓட்டுநர், பொறிக்குப் பின்னால் உள்ள வண்டியில் அமர்ந்து, கால்களை இரு பக்கமும் தாழ்வாக வைத்துக்கொள்ள இது உதவுகிறது.

சிறிதாக்கலின் விளைவுகள்

ஒரு பொறியின் எல்லா நீளங்களும் 16இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டால், பரப்புகள் 256இல் ஒரு பங்காகவும், பருமனும் எடையும் 4096இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. 64 டன் எடையுள்ள பொறி ஒன்று இவ்விகிதத்தில் ஏறத்தாழ 15.6 கிலோகிராம் எடையே கொண்டிருக்கும். பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு 16 மடங்கு கூடுவதால், சிறு கொதிகலனும் உருளைகளும் வெப்பத்தை மிக விரைவாக இழக்கின்றன. உருளைச் சுவரில் பட்ட நீராவி, வேலை செய்யும் முன்னரே குளிர்ந்து நீராவதும் மிகுதி.

நீரின் பாகுநிலை, நிலக்கரித் துண்டின் எரியும் வேகம், காற்றின் அழுத்தம் போன்ற இயற்கைப் பண்புகள் விகிதத்திற்கு ஏற்பச் சிறிதாவதில்லை. எனவே பெரிய பொறியின் வரைபடத்தை அப்படியே சுருக்கினால் இயங்கும் பொறி கிடைக்காது. தீக்குழாய்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் விட்டமும் விகிதத்தைவிடப் பெரிதாக அமைக்கப்படுகிறது. இல்லையேல் அவை சாம்பலால் விரைவில் அடைபடும். நீராவிக் குழாய்கள், திருகாணிகள், தகடுகளின் தடிப்பு ஆகியனவும் இவ்வாறே விகிதத்தினின்று விலகுகின்றன. வெளித்தோற்றத்தில் மூலப் பொறியை ஒத்தும், உள்ளமைப்பில் வேறுபட்டும் இருப்பதே நல்ல வடிவமைப்பின் இயல்பு.

இழுவிசை

இரு உருளைகள் கொண்ட பொறியின் இழுவிசையைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம்:

இழுவிசை = 0.85 × அழுத்தம் × (உருளை விட்டம்)² × வீச்சு ÷ சக்கர விட்டம்

எடுத்துக்காட்டாக, உருளை விட்டம் 25 மி.மீ, வீச்சு 40 மி.மீ, சக்கர விட்டம் 80 மி.மீ, கொதிகலன் அழுத்தம் 5.5 பார் (சதுர மில்லிமீட்டருக்கு 0.55 நியூட்டன்) எனக் கொண்டால், இழுவிசை ஏறத்தாழ 146 நியூட்டன் ஆகும். எனினும் சக்கரம் வழுக்காமல் பற்றக்கூடிய விசை, இயங்கு சக்கரங்களின் மீதுள்ள எடையில் ஏறக்குறைய கால் பங்கே. அவ்வெடை 40 கிலோகிராம் எனில், பயன்படக்கூடிய விசை ஏறத்தாழ 98 நியூட்டனாகக் குறைகிறது. குண்டுத் தாங்கிகள் பொருத்திய வண்டிகளின் உருளல் தடை சிறிதாதலால், சமதளத்தில் பலரை இழுக்க இவ்விசை போதுமானது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்திலோ, மொத்த எடையில் நூறில் ஒரு பங்கு கூடுதல் தடையாகிறது.

பட்டறையும் கருவிகளும்

வீட்டுப் பட்டறையின் முதன்மைக் கருவி கடைசல் எந்திரம் ஆகும். பிரித்தானிய ஆர்வலர்களிடையே நாட்டிங்காம் அருகே உள்ள பீசுட்டனில் தயாரிக்கப்பட்ட மைபோர்டு நிறுவனத்தின் எம்.எல்.7 வகை நீண்டகாலம் புகழ்பெற்றிருந்தது. தனியான அரவை எந்திரம் வாங்க இயலாதவர்கள், கடைசல் எந்திரத்திலேயே செங்குத்து நகர்த்தி ஒன்றைப் பொருத்தி அரவை வேலைகளைச் செய்தனர். இவற்றுடன் துளையிடும் எந்திரம், பிடிசிராவி, அரங்கள், மரையிடும் கருவிகள், நுண்ணளவிகள், புரொப்பேன் வளிமச் சுடரி ஆகியன தேவைப்படுகின்றன.

சக்கரங்கள், உருளைகள், புகைபோக்கி போன்ற உறுப்புகளுக்கான வார்ப்புகளை, குறிப்பிட்ட வடிவமைப்புகளுக்கெனத் தயாரிக்கும் வணிகர்களிடம் வாங்கிக் கடைந்துகொள்வது வழக்கம். அண்மைக் காலத்தில் சட்டகத் தகடுகள் லேசர் முறையில் வெட்டப்பட்டுக் கிடைக்கின்றன.

கட்டும் முறை

சட்டகமும் சக்கரங்களும்

வேலை பொதுவாகச் சட்டகத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ 3 மி.மீ தடிப்புள்ள இரு எஃகுத் தகடுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, ஒரே நேரத்தில் துளையிடப்பட்டு வெட்டப்படுகின்றன. இதனால் இடத் தகடும் வலத் தகடும் வேறுபாடின்றி அமைகின்றன. அச்சுப் பெட்டிகள் வில்சுருள்களின் மீது மேலும் கீழும் நகருமாறு பொருத்தப்படுகின்றன. பாதையின் மேடு பள்ளங்களில் எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொட இந்நகர்வு இன்றியமையாதது.

வார்ப்பிரும்புச் சக்கரங்கள் கடையப்பட்டு, அச்சில் அழுத்தியோ ஒட்டுப்பொருளாலோ பொருத்தப்படுகின்றன. அப்போது இடப்பக்க வணரிக்கும் வலப்பக்க வணரிக்கும் இடையே 90 பாகைக் கோணம் அமைய வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் வீச்சின் முனையில் விசையற்று நிற்கும்போது, மறுபக்கத்துப் பிஸ்டன் சக்கரத்தைத் தள்ளுவதற்காகவே இவ்வேற்பாடு. இக்கோணம் 90 பாகையில் இருந்து சிறிது பிறழ்ந்தாலும் பெரிய கேடில்லை. ஆனால் எல்லா அச்சுகளிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகிப் பொறியை நிறுத்திவிடும்.

உருளைகளும் வால்வு இயக்கமும்

உருளைகள் வார்ப்பிரும்பிலோ கன்மெட்டல் எனப்படும் வெண்கலத்திலோ செய்யப்படுகின்றன. உருளையின் உட்புறம் கடையப்பட்ட பின், நீராவி வழிகள் அரவப்பட்டு, வால்வு வழுக்கும் தளம் முற்றிலும் சமமாகத் தேய்க்கப்படுகிறது. பிஸ்டனில் நீராவி கசியாதிருக்க வார்ப்பிரும்பு வளையம், காரீயக நூல், வெப்பம் தாங்கும் இரப்பர் வளையம் ஆகியவற்றுள் ஒன்று பொருத்தப்படும். முற்காலத்தில் கல்நார் பயன்பட்டது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது அறியப்பட்டதால் இன்று கைவிடப்பட்டுள்ளது.

நீராவி உருளைக்குள் நுழையும் நேரத்தையும் பொறி செல்லும் திசையையும் வால்வு இயக்க அமைப்பு தீர்மானிக்கிறது. 1842 இல் இராபர்ட்டு இசுடீபன்சன் நிறுவனத்தில் உருவான இசுடீபன்சன் அமைப்பும், பெல்சியப் பொறியாளர் எகீடு வால்சர்ட்சு 1844 இல் உருவாக்கிய அமைப்பும் பெரிதும் கையாளப்படுகின்றன. மிக எளிய பொறிகளில், அச்சில் தளர்வாகச் சுழலும் மையவிலகு வட்டு பயன்படுகிறது. இதில் திசையை மாற்றப் பொறியைக் கையால் சிறிது தள்ள வேண்டும்.

கொதிகலன்

கட்டுமானத்தின் மிகக் கடினமான பகுதி கொதிகலன் ஆகும். சிறு பொறிகளுக்கு இது பெரும்பாலும் செம்பினால் செய்யப்படுகிறது. செம்பு வெப்பத்தை நன்கு கடத்துகிறது, துருப்பிடிப்பதில்லை, எளிதில் வளைகிறது. பெரிய 7¼ அங்குலப் பொறிகளில் பற்றவைக்கப்பட்ட எஃகுக் கொதிகலன்களும் உண்டு.

முனைத் தகடுகள் மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி மென்மையாக்கப்பட்டு, எஃகு அல்லது கடினமர அச்சின் மீது அடித்து விளிம்பு மடிக்கப்படுகின்றன. அடிக்க அடிக்கச் செம்பு கடினமாவதால், இடையிடையே மீண்டும் சூடாக்க வேண்டும். எரியறையும் தீக்குழாய்களும் முதலில் இணைக்கப்பட்டு, பின்னர் வெளிக்கூட்டினுள் நுழைக்கப்படுகின்றன.

இணைப்புகள் வெள்ளிப் பற்றாசினால் செய்யப்படுகின்றன. இது வெள்ளி, செம்பு, துத்தநாகம் முதலியன கலந்த உலோகக் கலவை. 55 விழுக்காடு வெள்ளி கொண்ட வகை ஏறத்தாழ 630 முதல் 660 பாகை செல்சியசில் உருகுகிறது. செம்பின் உருகுநிலையோ 1085 பாகை. பல கட்டங்களாகச் சூடாக்க வேண்டியிருப்பதால், முதல் இணைப்புகளுக்கு உயர்ந்த வெப்பநிலையில் உருகும் பற்றாசும், அடுத்தவற்றுக்குக் குறைந்த வெப்பநிலையில் உருகும் பற்றாசும் கையாளப்படுவதுண்டு. ஒவ்வொரு கட்டத்திற்குப் பின்னரும் கொதிகலன் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துத் தூய்மையாக்கப்படுகிறது. பழைய பற்றாசு வகைகளில் காட்மியம் கலந்திருந்தது. அதன் புகை நச்சுத்தன்மை உடையதாதலால் ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

உருள் வடிவம் அழுத்தத்தை இயல்பாகவே தாங்கும். தட்டையான எரியறைச் சுவர்கள் புடைத்துவிடும் தன்மை உடையவை. எனவே உட்சுவரையும் வெளிச்சுவரையும் பல செம்பு அல்லது வெண்கலத் தாங்குகம்பிகள் நெருக்கமான இடைவெளிகளில் பிணைக்கின்றன. பித்தளை இங்குத் தவிர்க்கப்படுகிறது. சூடான நீரில் நாளடைவில் அதிலுள்ள துத்தநாகம் வெளியேறி, உலோகம் பொறுபொறுத்துப் போவதே காரணம்.

கொதிகலன் பாதுகாப்பு

சிற்றளவுக் கொதிகலன்கள் பொதுவாக 5.5 முதல் 7 பார் (சதுர அங்குலத்திற்கு 80 முதல் 100 பவுண்டு) அழுத்தத்தில் இயங்குகின்றன. உருள் பகுதியில் உண்டாகும் தகைவைக் கீழ்வருமாறு கணக்கிடலாம்:

தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தடிப்பு)

விட்டம் 100 மி.மீ, தடிப்பு 2 மி.மீ, அழுத்தம் 5.5 பார் எனில், தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 13.75 நியூட்டன். மென்மையாக்கப்பட்ட செம்பின் முறிவுத் தகைவு இதனைப்போல் பல மடங்கு எனினும், வெப்பத்தில் செம்பின் வலிமை குறைவதையும் இணைப்புகளின் நிலையையும் கருதி, 8 போன்ற உயர்ந்த பாதுகாப்புக் காரணி கொள்ளப்படுகிறது.

5.5 பார் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 162 பாகை செல்சியசில் கொதிக்கிறது. அந்நிலையில் கொதிகலன் வெடித்தால், உள்ளிருக்கும் ஒவ்வொரு கிலோகிராம் நீரிலும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு உடனடியாக ஆவியாகி, ஏறத்தாழ 200 லிட்டர் இடத்தை அடைக்கும். பொறியின் உருவம் சிறிது என்பதால் கேடும் சிறிதாக இராது. ஓட்டுநரும் சிறுவர்களும் அதன் மிக அருகிலேயே அமர்கின்றனர்.

ஆகவே புதிய கொதிகலன் முதலில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது. காற்று சிறிதும் இல்லாமல் குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப்பம்பினால் இயங்கு அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் ஏற்றப்படும். நீர் மிகக் குறைவாகவே அமுங்குவதால் அதில் தேங்கும் ஆற்றல் சிறிது. குறையுள்ள இடம் வெடிக்காமல் கசிவாகவோ புடைப்பாகவோ வெளிப்படும். பின்னர் நெருப்பிட்டு நீராவிச் சோதனை நடைபெறும். அப்போது நெருப்பு முழுவீச்சில் எரிந்தாலும், காப்பு வால்வுகள் அழுத்தத்தை இயங்கு அளவினின்று 10 விழுக்காட்டிற்கு மேல் உயரவிடாமல் தடுக்க வேண்டும். பிரித்தானியாவில் சங்கங்களின் ஆய்வாளர்கள் பொது விதித்தொகுப்பு ஒன்றின்படி இச்சோதனைகளைக் குறித்த கால இடைவெளிகளில் நடத்திச் சான்றளிக்கின்றனர். ஆத்திரேலியாவில் இதற்கெனத் தனிக் குழுவும் விதிகளும் உள்ளன.

நீர்மட்டம் குறைந்து எரியறையின் மேற்தகடு வெளிப்படுவதே இயக்கத்தின்போது நேரக்கூடிய பேரிடர். நீர் மூடியிருக்கும் வரை தகட்டின் வெப்பம் நீரின் வெப்பநிலைக்குச் சற்று மேலாகவே இருக்கும். நீர் விலகினால் பற்றாசு உருகும் அளவிற்கு விரைந்து உயரும். நீர்மட்டக் காட்டியின் கண்ணாடிக் குழாய் மிகக் குறுகியதாக இருந்தால், நுண்புழைமையால் நீர் அதில் ஒட்டிநின்று பொய்யான மட்டத்தைக் காட்டும். இதனால் காட்டியை அவ்வப்போது திறந்து ஊதி, நீர் தன் நிலைக்கு மீள்கிறதா எனப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை.

நீர் ஊட்டமும் எண்ணெயிடலும்

கொதிகலனுக்கு நீர் ஊட்டக் குறைந்தது இரு வழிகள் இருப்பது நலம். அச்சினால் இயங்கும் பம்பு பொறி ஓடும்போது மட்டும் நீரைச் செலுத்தும். கைப்பம்பு எந்நேரமும் உதவும். மூன்றாவது, பிரெஞ்சுப் பொறியாளர் என்றி சிப்பார் 1858 இல் காப்புரிமை பெற்ற இன்செக்டர் என்னும் உட்செலுத்தி. நகரும் உறுப்புகள் இல்லாத இக்கருவி, கொதிகலனின் நீராவியைக் கொண்டே அதே கொதிகலனுக்குள் நீரைத் தள்ளுகிறது. சிற்றளவில் இதன் கூம்புத் துளைகள் 1 மி.மீ அளவிலோ அதற்குக் குறைவாகவோ அமைவதால், ஒரு சுண்ணாம்புத் துணுக்கே இதனை நிறுத்திவிடப் போதும். ஊட்டும் நீர் சூடாக இருந்தாலும் இது வேலை செய்யாது. உருளைகளுக்குத் தேவையான தடித்த எண்ணெயைச் சிறு பம்பு ஒன்று சொட்டுச் சொட்டாக நீராவியில் கலக்கிறது.

இயக்குதல்

முதலில் கொதிகலன் நிரப்பப்பட்டு, அசையும் உறுப்புகளுக்கு எண்ணெய் இடப்படும். மண்ணெண்ணெயில் நனைத்த மரக்கரியை எரியறையில் இட்டுப் பற்றவைத்து, புகைபோக்கியின் மேல் சிறு மின்விசிறியைப் பொருத்திக் காற்று இழுக்கப்படுகிறது. மரக்கரி தழலானதும் நிலக்கரி சேர்க்கப்படும். அழுத்தம் சிறிது ஏறியதும் விசிறி நீக்கப்பட்டு, பொறியின் சொந்த ஊதியே காற்றை இழுக்கும். ஓடத் தொடங்கிய பின் உருளைகளிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே விரைந்து அப்பணியை ஏற்கிறது. பொறி கடினமாக உழைக்கும்போது நெருப்பும் தானாகவே கூடுதலாக எரிவது இவ்வமைப்பின் சிறப்பு.

குளிர்ந்த உருளைகளில் சேர்ந்த நீரை வெளியேற்ற வடிகுழாய்கள் திறந்தபடியே பொறி கிளப்பப்படும். நீர் அமுங்காதாகையால், அதனை வெளியேற்றாமல் ஓட்டினால் உருளை மூடி உடையக்கூடும். எரியறை சிறிதாதலால் ஓட்டுநர் அடிக்கடி சிறு அளவில் நிலக்கரி இட வேண்டும். நீர்மட்டத்தையும் அழுத்தமானியையும் இடைவிடாமல் கவனிக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் நெருப்பு அகற்றப்பட்டு, தீக்குழாய்கள் தூரிகையால் துடைக்கப்படுகின்றன.

திறன் போட்டி

மாதிரித் தொடர்வண்டிப் பொறிகளின் திறனை அளக்கும் பன்னாட்டுப் போட்டி 1969 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது. ஐம்லெக் என்னும் சுருக்கப் பெயரால் இது அறியப்படுகிறது. ஒவ்வொரு போட்டியாளருக்கும் நிலக்கரி எடைபோட்டு வழங்கப்படும். இழுவிசை அளக்கும் வண்டி ஒன்று பொறிக்குப் பின் இணைக்கப்பட்டு, செய்யப்பட்ட வேலை கணக்கிடப்படும். எரித்த நிலக்கரியின் ஆற்றலில் எவ்வளவு பங்கு வேலையாக மாறியது என்பதே திறன்.

எடுத்துக்காட்டாக, 150 நியூட்டன் விசையுடன் 3 கிலோமீட்டர் இழுத்த பொறி 450 கிலோசூல் வேலை செய்கிறது. அதற்கு அது கிலோகிராமுக்கு 32 மெகாசூல் ஆற்றல் கொண்ட நிலக்கரியில் 0.7 கிலோகிராம் எரித்திருந்தால், திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆகும். முழு அளவு நீராவிப் பொறிகளின் திறனே பொதுவாக 10 விழுக்காட்டிற்குக் குறைவு என்பதை நோக்க, சிறு பொறிக்கு இது நல்ல அளவாகும். வெற்றி பொறியின் கட்டுமானத்தை மட்டும் பொறுத்ததன்று. நெருப்பை மெல்லியதாகவும் சீராகவும் பேணி, நீராவியை வீணாக்காமல், உருளையினுள் விரிவடையவிட்டு ஓட்டும் ஓட்டுநரின் கைத்திறனையும் பொறுத்தது.

இவற்றையும் பார்க்க

- நீராவிப் பொறி
- கொதிகலன்
- கடைசல் எந்திரம்
- வெப்ப இயக்கவியல்
- தொடர்வண்டிப் போக்குவரத்து வரலாறு